ஓம் மெம்பர்

அவருடைய பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மனிசன் கோபிக்கவும் மாட்டார், அதுதான் சிக்கல். நேரே கடைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, "நல்லாத்தான் எழுதியிரிக்கீங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போவார். அதைத் தாங்குகிற நெஞ்சுரம் எனக்கு இல்லை.

எங்கள் வட்டாரத்துக்குப் பிரதேச சபை உறுப்பினராக இருந்தவர். முகத்துக்கு நேரே மெம்பர் ஐயா, மெம்பர் அண்ணன். அவருடைய சைக்கிள் வளைவில் மறைந்ததும் 'ஓம் மெம்பர்'. அந்தப் பட்டத்தை வைத்தது நான்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு சரிதான்.

சபையின் உப அலுவலகத்துக்கு எதிரில் நான் ஒரு டைப் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்பியூட்டர், ஒரு போட்டோக்கொப்பி மெசின், இரண்டு பிளாஸ்டிக் கதிரை. ஊர்ச்சனத்தின் முறைப்பாடு, விண்ணப்பம், கண்டனம் எல்லாம் என் விரல்களைத் தாண்டித்தான் எந்தக் கந்தோருக்கும் போகும். அடித்த கடிதத்தை எடுத்துக்கொண்டு சனம் ரோட்டைக் கடந்து மெம்பரிடம் போகும். அவர் கடிதத்தை வாசிக்க மாட்டார். கொண்டுவந்தவரின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடிப்பார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை அரைவாசி மூடி, "ஓம்" என்பார், ஆகட்டும் என்கிற மாதிரி. பிறகு கடிதத்தின் அடியில் 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்து றப்பர் முத்திரையை எடுத்து வாயால் ஊதிக் குத்துவார். முத்திரையை எதற்கு ஊதினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "வாசிக்காமலே ஓமெண்டா எப்பிடி மெம்பர்? ஒருநாளைக்கு ஆரும் உங்கட வீட்டையே எழுதி வாங்கிட்டுப் போயிருவாங்க."

"வாசிச்சா யோசின வரும் தங்கச்சி. யோசின வந்தா முகம் மாறும். வெயிலுக்குள்ள நடந்து வந்த மனிசனுக்கு முன்னால நான் முகத்த மாத்திறது எப்பிடி?"

வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு அவரைப் பிடிக்கும். ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். அவரிடம் போய் எந்தக் காரியமும் முடியவில்லை, ஆனால் போய் வந்தவன் ஒருவனும் முகம் சுண்டி வரவில்லை. அவருடைய மனைவி மட்டும் ஒருமுறை கடைக்கு வந்து, "தங்கச்சி, வீட்டுக் கூரைய மாத்தச் சொல்லி இவருக்கு ஒரு கடிதம் அடிச்சித் தாங்க" என்றார். "நீங்க வீட்ட வெச்சே சொல்லலாமே அக்கா" என்றேன். "மூணு வருசமா ஓமெண்டுதான் சொல்லுறாரு. கடிதமெண்டா ஒரு முத்திரையாவது கிடைக்கும்" என்றார். அடித்துக் கொடுத்தேன், முத்திரையும் கிடைத்தது, கூரை அப்படியேதான் ஒழுகியது.

சுற்றாடல் என்றால் மெம்பருக்கு உயிர். எங்கள் ஊர் வாவிக்கரை ஊர். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றங்கரையில் ஒரு வெறும் பூமி கிடந்தது. கம்பஸ் பிள்ளைகள் வந்து, அதில் கண்டல் மரம் நடப்போகிறோம், கரை அரிக்காது, இறால் குஞ்சு தங்கும் என்றார்கள். ஓம். அதே கிழமை எங்கள் விளையாட்டுக் கழகப் பொடியன்மார் வந்து, அதில் கரப்பந்துத் திடல் போடப்போகிறோம் என்றார்கள். ஓம்.

இரண்டு பகுதியும் ஒரே சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தார்கள். ஒரு பகுதி கையில் கன்று, மற்றப் பகுதி கையில் வலை கட்டுகிற கம்பு. வேறு மெம்பராக இருந்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடியிருப்பார். இவர் இறங்கி வந்து ஒரு பக்கத்தில் கண்டல் கன்றை நட்டார், கைதட்டல். காலைக் கழுவிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பந்தை அடித்துப் போட்டியைத் தொடக்கி வைத்தார், கைதட்டல். அவர் அடித்த பந்து நேரே போய்க் கன்றுகளுக்குள் விழுந்தது, அதை எடுக்க ஓடியவன் நாலு கன்றை மிதித்தான். இன்றைக்கு வலைக்குப் பின்னால் ஏழெட்டுக் கண்டல் நிற்கிறது. பந்து அதற்குள் போகும்போதெல்லாம் பொடியன்மார் மெம்பரைத் திட்டுவார்கள். செத்த கன்றுகளுக்காகக் கம்பஸ் பிள்ளைகளும் அவரைத்தான் திட்டுவார்கள்.

குப்பைக் கதையும் அப்படித்தான். குப்பையை எங்கள் ஒழுங்கைப் பக்கம் கொட்ட வேண்டாம் என்று மேலொழுங்கைச் சனம் கேட்டது, ஓம். எங்கள் பக்கமும் வேண்டாம் என்று கீழொழுங்கைச் சனம் கேட்டது, ஓம். டிரக்டர்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "அப்ப எங்கதான் கொட்டுற மெம்பர், ஆத்திலயா?" என்று எரிச்சலில் கேட்டிருக்கிறான். மனிசன் வாயில் வேறு சொல் இருந்தால்தானே! அன்றையிலிருந்து குப்பை ஆற்றோரம் போனது.

பிறகு வெளியூர் முதலாளி ஒருவர் வந்தார். கரையில் ஹோட்டல் கட்டுவதற்கு ஆற்றில் கொஞ்சம் கிறவல் மண் கொட்டி நிரப்ப வேண்டும் என்றார். அதற்கும் கையைப் பிடித்து ஒரு ஓம். முதல் டிப்பர் வந்த அன்றே சனம் கொதித்துப்போய் ஊர்வலம் புறப்பட்டது. பதாகை எழுதியது நான். மெம்பர் எதிரே வந்தார். எங்களைக் கண்டதும் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து எங்களோடு நடக்கத் தொடங்கினார். வெறுங்கையோடு நடப்பது மரியாதையில்லை என்று ஒரு பிள்ளையிடமிருந்து பதாகை ஒன்றை வாங்கிப் பிடித்தார். 'ஆற்றை விற்ற உறுப்பினரே, பதில் சொல்!' என்று அதில் இருந்தது.

"மெம்பர், இது உங்களுக்கு எதிரான ஊர்வலம்" என்றேன் காதோடு காதாக.

"ஓம் தங்கச்சி. நியாயத்தத்தானே கேக்கிறாங்க."

சந்திவரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்டன மகஜரில் மூன்றாவது கையெழுத்து அவருடையது. பழக்கதோஷத்தில் அடியில் 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டார். டிப்பர் இரண்டு நாள் நின்றது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற காரியம். முகத்துவாரக் கதையை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது.

எங்கள் ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் குறுக்கே ஒரு மணல்மேடு கிடக்கும். மாரியில் வெள்ளம் ஏறினால் அந்த மணலை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் தண்ணீர் கடலுக்கு ஓடும், ஆற்றோரத்து வட்டைகளில் வயல் தப்பும். ஆனால் தண்ணீரோடு இறாலும் ஓடிவிடும், தோணிக்காரன் வெறும் வலையைத்தான் உதற வேண்டும். அதனால் வெள்ளாமைக்காரர் வெட்டு என்பார்கள், தோணிக்காரர் பொறு என்பார்கள். எங்கள் ஊரில் பாதிச் சனம் வட்டை வயலில், பாதிச் சனம் ஆற்றில். எங்கள் குடும்பமும் அப்படித்தான். என்னைக் கட்டின மனிசன் தோணிக்காரர். என் தங்கை, புருசன் செத்த பிறகு இரண்டு பெட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆற்றோரம் ஒரு துண்டு வயல் செய்தவள். அந்த வயல்தான் அவர்களுக்குச் சோறு, பள்ளிக்கூடம் எல்லாம்.

அந்த மாரியில் ஆறு நாள் விடாத மழை. தங்கையின் நெல் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது, தண்ணீர் வரம்பைத் தொட்டுவிட்டது. அவள் ஈரச் சேலையோடு கடைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, முகத்துவாரத்தக் கெதியா வெட்டச் சொல்லி ஒரு கடிதம் அடிச்சித் தா கா. வெள்ளாமைக்காரர் எல்லாரும் கையெழுத்து வைக்கிறாங்க. ரெண்டு நாள் பொறுத்தா என்ட வயல் முடிஞ்சிது."

அடித்துக் கொடுத்தேன். அவள் போய் அரை மணித்தியாலம் இல்லை, என் மனிசன் வந்து நின்றார். "இறால் இன்னும் ஒரு கிழமையில பிடிபதம். அதுமட்டும் வெட்ட வேணாமெண்டு மீனவர் சங்கத்தால ஒரு கடிதம் குடுக்கிறம். அடி." அதையும் அடித்தேன். புதிதாக எழுத என்ன இருக்கிறது? தங்கையின் கடிதத்தைத் திறந்து 'வெட்டுமாறு' இருந்த இடத்தில் 'வெட்டாதிருக்குமாறு' போட்டேன். பட்டினி, பிள்ளைகள், கடன், தயவுகூர்ந்து எல்லாம் அப்படியே பொருந்தியது.

இரண்டு கடிதமும் ரோட்டைக் கடந்து போயின. இரண்டும் முத்திரையோடு திரும்பி வந்தன. எனக்குத் தலை விறைத்துவிட்டது. மழைக்குள் ரோட்டைக் கடந்துபோய்ச் சண்டை பிடித்தேன்.

"மெம்பர், ரெண்டில ஒண்டுக்குத்தான் ஓமெண்டலாம். ஆறு ஒண்டுதானே இரிக்கி!"

"ஓம் தங்கச்சி. கூட்டத்தில பெரியாக்கள் பாத்து ஒரு முடிவு எடுப்பாங்க. நாம ஏன் ஒத்தரையும் நோகடிப்பான்?"

அடுத்த நாள் டவுனில், புளியந்தீவில் ஒரு பெரிய கந்தோரில் கூட்டம். தங்கை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தில் ஒரு பக்கம் வெள்ளாமைக்காரர், மறுபக்கம் தோணிக்காரர். இந்தப் பக்கத்தில் தங்கை, அந்தப் பக்கத்தில் என் மனிசன். நான் எந்தப் பக்கம் உட்கார? வாசலோரம் தண்ணீர்ப் போத்தல் அடுக்கியிருந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

கூட்டத்தை நடத்திய அதிகாரி முதல் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "உறுப்பினர் சொல்லுங்க. உங்கட மக்கள் வெட்டத்தான் சொல்றாங்களா?"

"ஓம் சேர்."

வெள்ளாமைக்காரர் கைதட்டினார்கள். அதிகாரி மற்றக் கடிதத்தை எடுத்தார். "இதில வெட்ட வேணாமெண்டு இரிக்கே. இதுவும் உங்கட சிபாரிசுதானே?"

"ஓம் சேர்."

தோணிக்காரர் கைதட்டினார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப உங்கட ஊராக்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரல்ல?"

"ஓம் சேர்."

இதற்கு ஒருவரும் கைதட்டவில்லை. மூன்று நாள் கழித்து மறுபடி கூடுவதென்று சொல்லிக் கலைத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் தங்கையின் வயல் முழுதாக மூழ்கியது. மூன்றாம் நாள் ஒருவருக்கும் காத்திராமல் ஆறு தானாகவே மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது, இறாலும் போய்ச் சேர்ந்தது. மெம்பர் ஒரு பகுதிக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கையின் வீட்டுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். கொல்லைக்குப் பின்னால் வயல், அழுகிய நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. மெம்பர் அதைப் பார்த்தபடி நின்று அழுதார். பொய்யழுகை இல்லை, லேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த லேஞ்சியைப் பறித்து எறிந்திருப்பேன். தங்கைதான் பேசினாள்.

"மெம்பர், அழுதது காணும். எனக்கு ஒண்டு தெரியோணும். சேதம் பாத்து எழுதிட்டுப் போயிரிக்காங்களாம். என்ட வயலுக்கு நட்டஈடு வருமா? வருமெண்டா அடுத்த போகம் விதைச்சிப்போட்டு நான் என்ட புள்ளையளோட இரிப்பன். வராதெண்டா நாளைக்குக் காலம்பற ஏஜென்சிக்காரனுக்குப் பாஸ்போட் குடுக்கோணும். குவைத்தில ஒரு வீட்டுவேல இரிக்காம். நாளைய விட்டா அது வேற ஆளுக்குப் போயிரும்."

மெம்பரின் கைகள் தன்பாட்டில் அவளுடைய கையைத் தேடி வந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க ஓமெண்டா நான் நம்பிருவன் மெம்பர். ஊரே சிரிச்சாலும் நான் நம்பி இருந்திருவன். அதுதான் எனக்குப் பயம். பாத்துச் சொல்லுங்க."

மெம்பர் வாயைத் திறந்தார், மூடினார். குசினியில் கேத்தில் கொதித்துத் தண்ணீர் நெருப்பில் சிந்துகிற சத்தம் கேட்டது, ஒருவரும் போய் இறக்கவில்லை. கடைசியில் அவர் தங்கையைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வராது புள்ள."

அந்தக் குரல் அவருடையதாகவே இல்லை. "உங்கட துண்டு அரசாங்கத்திட ஆத்து ஒதுக்கு நிலத்துக்குள்ள கிடக்கு, பேமிற் பத்திரம் இல்லாத காணி. லிஸ்ட நான் பாத்திட்டன். இப்பயும் வராது, பொறகும் வராது. உங்கள இருக்க வெச்சி ஏமாத்திப்போட்டு நான் எந்த முகத்தோட இந்த ஒழுங்கையால போறது?"

தங்கை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்தாள். பிறகு, "சரி மெம்பர். இது காணும்" என்று உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்து வெளியே வைத்தாள். மெம்பர் தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். அடுத்த மாதம் அவள் குவைத்துக்குப் போனாள். பெட்டைகள் இரண்டும் இப்போது என்னோடு.

அன்றையோடு அவருக்கு வாய் திறந்துகொண்டது. டிப்பருக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டு முதலாளியிடம் "ஏலாது" என்றார். முதலாளி கையைப் பிடிக்கப் பார்த்தார், இவர் கொடுக்கவில்லை. கிறவல் வருவது நின்றது. கோழிக்கடைக்காரரிடம் போய்க் கழிவை ஆற்றில் போட ஏலாது என்றார். டிரக்டர்காரனிடம் ஆற்றோரம் கொட்ட ஏலாது என்றார், சபையில் கத்தி மேட்டுநிலத்தில் ஓர் இடம் எடுத்துக் கொடுத்தார். சின்னக் கண்ணி வலை போட ஏலாது என்று தோணிக்காரருக்குச் சொன்னார். நாலே மாதம். கரையில் காகம் குறைந்தது, சேறு மணத்தது, குப்பை மணக்கவில்லை. அவ்வளவு காலமும் நடக்காத வேலை அந்த நாலு மாதத்தில் நடந்தது.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? தூற்றத் தொடங்கியது. மெம்பருக்குத் தலைக்கனம் வந்துவிட்டதாம். முந்தின மாதிரி இல்லையாம். முகத்தைக் கொடுத்துக் கதைக்கிறார் இல்லையாம். என் மனிசன் வலையைச் சுருட்டிக்கொண்டே, "ஒரு வார்த்த ஓமெண்டு சொன்னா இவருக்கு என்ன குறஞ்சி போகும்?" என்றார். நான் மெம்பருக்காக எல்லோரோடும் வாயடித்தேன். பொதுக்காரியம் என்றால் கொஞ்சம் கண்டிப்பு வேண்டாமா என்று கேட்டேன். கேட்டேன்தான்.

பிறகு என் காரியம் வந்தது. கடைக்கு முன்னால் வடிகான் ஒன்று ஓடுகிறது. அதை மூடி ஒரு தகரப் பத்தி இறக்கினால் சனம் நிழலில் நிற்கும், இன்னும் இரண்டு கதிரை போடலாம். எனக்காக நானே ஒரு விண்ணப்பம் அடித்து ரோட்டைக் கடந்து போனேன். அவர் கடிதத்தை வாங்கினார். வாசித்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் வாசித்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"ஏலாது தங்கச்சி. வடிகான மூடினா மாரித்தண்ணி பின்னுக்கு இரிக்கிற வீடுகளுக்குள்ளதான் போகும்."

"மெம்பர், உங்களுக்கு எத்தின கடிதம் அடிச்சித் தந்திரிப்பன்!"

"மெய்தான். அத நான் மறக்கமாட்டன். இதுக்கு ஏலாது."

முகம் மாறியிருந்தது, எனக்கு முன்னால். எரிந்துபோனேன். ஊருக்கெல்லாம் இல்லை என்று சொல்லட்டும், நல்ல விசயம், சொல்லத்தான் வேண்டும். எனக்குமா?

தேர்தல் வந்தது. மெம்பருக்கு எதிராகப் புதிதாக ஓர் இளந்தாரி வோட்டுக் கேட்டான். கடைக்கு வந்தான், என் கையை இரண்டு கையாலும் பிடித்தான். "பத்திதானே அக்கா? இறக்குங்க, நான் பாத்துக்கிறன்" என்றான். வோட்டைப் போட்டேன், அவனுக்குத்தான் போட்டேன். ஊரும் அவனுக்குத்தான் போட்டது.

பத்தி நல்ல நிழல். இந்த மாரியில் பின்வீட்டுச் சனம் மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. வடிகான் அடைபட்டது பற்றி அவர்கள் கொடுத்த முறைப்பாட்டை நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

போன கிழமை தங்கை குவைத்திலிருந்து வாட்சப்பில் கோல் எடுத்தாள். பெட்டைகளோடு கதைத்து முடித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"அக்கா, பின்வீட்டுக்குள்ள தண்ணி போனதாமே. மெம்பரிட்டச் சொல்லல்லயா?"

அவர் இப்போது மெம்பர் இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"எனக்கு ஆறுதல் சொன்ன ஆக்கள் நிறைய கா. உள்ளதச் சொன்னவர் அவர் ஒத்தர்தான். அண்டைக்கு அவரு ஓமெண்டிருந்தா நான் இன்னும் வராத காச எதிர்பாத்துக் குந்திக்கொண்டிருப்பன், புள்ளையள்ற படிப்பும் நிண்டிருக்கும். அங்க இருந்திருந்தா என்ட வோட்டு அவருக்குத்தான். நீ அவருக்குத்தானே போட்ட?"

"சத்தம் விட்டு விட்டுக் கேக்குது, பொறகு எடு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவளுடைய மூச்சுச் சத்தம்கூட எனக்குத் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.